திரும்பி வரும் தூரத்தின் மதிப்பு: பாராகிளைடிங் நெடும்பறப்புகளின் வகைப்பாடும் புள்ளி முறையும்

எஞ்சினும் விறைப்பான சட்டகமும் இல்லாத துணிச் சிறகு ஒன்றின் அடியில், கயிறுகளில் தொங்கும் இருக்கையில் அமர்ந்து, வெயிலால் சூடேறிய நிலத்திலிருந்து எழும் தெர்மல் என்னும் வெப்பக்காற்றில் வட்டமிட்டு உயர்ந்து, அப்படி ஈட்டிய உயரத்தைச் செலவழித்து அடுத்த தெர்மலை நோக்கிச் சறுக்கிச் செல்வதே பாராகிளைடிங் நெடும்பறப்பின் அடிப்படை. இவ்வாறு ஏறியும் இறங்கியும் ஒருவர் ஒரே பகலில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் கடந்துவிட முடிகிறது. ஒரே நாளில் ஒரு பைலட் காற்றின் போக்கிலேயே சென்று 150 கி.மீ. தொலைவில் இறங்குகிறார் என்றும், இன்னொருவர் மூன்று மலைத்தொடர்களைச் சுற்றி 105 கி.மீ. பறந்து புறப்பட்ட இடத்துக்கே திரும்புகிறார் என்றும் கொண்டால், இவ்விரண்டில் எது பெரிய பறப்பு என்னும் கேள்விக்கு அளவுகோல் எதுவும் தானாக விடை தராது. தூரத்தைக் கருவி அளந்துவிடும். எந்தத் தூரம் அரிது என்பதை மனிதர்தாம் முடிவு செய்ய வேண்டும். நெடும்பறப்புகளுக்கான புள்ளி முறை அப்படிப்பட்ட ஒரு முடிவுதான். எத்தகைய பறப்பை மேலானதாகக் கருதுவது என்னும் தீர்ப்பு அதன் பெருக்கெண்களுக்குள் அடங்கியிருப்பதால், அந்த எண்களை ஆராய்வது இந்த விளையாட்டின் மதிப்பீடுகளையே ஆராய்வதாகும்.

1978-இல் பிரான்சின் மியூசி என்னும் ஆல்ப்ஸ் ஊரில் பாராசூட் வீரர்கள் சிலர் மலைச்சரிவில் ஓடித் தங்கள் பாராசூட்டுகளை விரித்துப் பறந்ததிலிருந்து பாராகிளைடிங்கின் வரலாற்றைத் தொடங்குவது வழக்கம். அன்று அது மலையுச்சியிலிருந்து பள்ளத்தாக்கில் இறங்குவதற்கான வழியாக மட்டுமே இருந்தது. பதினோரு ஆண்டுகளில், 1989-இல், ஆஸ்திரியாவின் கோசன் நகரில் முதல் உலகச் சாம்பியன்ஷிப் நடைபெறும் அளவுக்கு அது வளர்ந்தது. 1905-இல் நிறுவப்பட்டு இன்று சுவிட்சர்லாந்தின் லோசான் நகரிலிருந்து இயங்கும் உலக வான்விளையாட்டுக் கூட்டமைப்பு, அதாவது எஃப்.ஏ.ஐ., விறைப்பான முதன்மைக் கட்டமைப்பு இல்லாத சிறகுகள் என்ற வரையறையின் கீழ்ப் பாராகிளைடர்களைத் தனி வகுப்பாக வைத்து, அவற்றின் உலகச் சாதனைகளைப் பதிவுசெய்து வருகிறது. நேர்கோட்டுத் தூரம், முன்கூட்டி அறிவித்த இலக்கை அடைதல், போய்த் திரும்புதல், முக்கோணம் எனச் சாதனைகள் பல வகைப்படும். நேர்கோட்டுத் தூரத்தின் வளர்ச்சி வியப்பூட்டுவது: 1998-இல் ஆஸ்திரேலியாவின் மனில்லாவிலிருந்து 335 கி.மீ., 2002-இல் அமெரிக்காவின் டெக்சாஸில் 423 கி.மீ., 2008-இல் தென்னாப்பிரிக்காவின் காப்பர்டனிலிருந்து 502.9 கி.மீ., 2016-இல் பிரேசிலின் டாசிமாவிலிருந்து 564 கி.மீ., 2021-இல் மீண்டும் டெக்சாஸில் 609.9 கி.மீ. என அது உயர்ந்தது.

ஆனால் உலகச் சாதனை மிகச் சிலருக்கே உரியது. ஆண்டு முழுவதும் உலகெங்கும் பறக்கும் பல்லாயிரம் பேரின் பறப்புகளை ஒரே பட்டியலில் வைத்து ஒப்பிடும் பருவப் போட்டிகளே இன்று வகைப்பாட்டின் உயிர்நாடியாக இருக்கின்றன. பிரான்சின் தேசியத் தூரக் கோப்பை, கிளைடர் விமானங்களுக்கும் பொதுவாக விளங்கிய ஜெர்மானிய முறை, கிரேக்கத்தில் தோன்றிய லியோனார்டோ, செக் நாட்டில் உருவாகி உலகளவில் பரவிய எக்ஸ்கான்டெஸ்ட் ஆகியவை அவற்றுள் குறிப்பிடத்தக்கவை. இவற்றுக்கிடையே எண்கள் வேறுபட்டாலும் சட்டகம் ஒன்றே என்பதால், பரவலாகப் பின்பற்றப்படும் எக்ஸ்கான்டெஸ்டை எடுத்துக்காட்டாகக் கொண்டு இங்கு விளக்குவது போதும்.

இப்போட்டிகளைச் சாத்தியமாக்கியது செயற்கைக்கோள் வழி இடமறியும் ஜி.பி.எஸ். கருவி. அதற்கு முன்னர், வான்பயணத்தில் ஒரு குறிப்பிட்ட இடத்தைத் தொட்டதற்குச் சான்றாக அவ்விடத்தை வானிலிருந்து புகைப்படம் எடுத்துக் கொடுக்க வேண்டியிருந்தது. எங்கே திரும்பப் போகிறோம் என்பதையும் முன்னரே எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. இன்று கருவி சில நொடிகளுக்கொரு முறை நேரம், அட்சரேகை, தீர்க்கரேகை, காற்றழுத்தத்தின் அடிப்படையிலான உயரம், செயற்கைக்கோள் தரும் உயரம் ஆகியவற்றை வரிவரியாக எழுதிச் செல்கிறது. பன்னாட்டுக் கிளைடிங் ஆணையம் வகுத்ததால் ஐ.ஜி.சி. என அழைக்கப்படும் இந்தக் கோப்பின் இறுதியில், இடையில் எவரும் திருத்தவில்லை என்பதைச் சரிபார்க்க உதவும் மின்கையொப்பம் சேர்க்கப்படுகிறது. இதனால் விளைந்த மாற்றம் தொழில்நுட்பத்தோடு நிற்கவில்லை. முன்பு பைலட் தன் வழியை அறிவித்துவிட்டுப் பறந்தார். இப்போது பறந்து முடித்த பிறகு, அவருடைய தடத்துக்குள் மிகச் சிறந்த உருவம் எது என்பதைக் கணினி தேடிக் கண்டுபிடிக்கிறது. திட்டமிட்டதை நிறைவேற்றும் திறனைப் பழைய முறை பாராட்டியது. வானம் அன்று அளித்ததைப் பயன்படுத்திக்கொள்ளும் திறனைப் புதிய முறை பாராட்டுகிறது. முன்னறிவித்த இலக்குக்கு எஃப்.ஏ.ஐ. இன்னமும் தனிச் சாதனைப் பிரிவு வைத்திருப்பது, முதற்சொன்ன திறன் முற்றிலும் மறக்கப்படவில்லை என்பதற்குச் சான்று.

கணினி தேடும் உருவங்கள் மூன்று. முதலாவது கட்டற்ற தூரம்: தடத்தில் ஒரு தொடக்கப் புள்ளி, ஒரு முடிவுப் புள்ளி, இடையில் அதிகபட்சம் மூன்று திருப்பப் புள்ளிகள் ஆகியவற்றைத் தேர்ந்து, அவற்றை இணைக்கும் நேர்கோடுகளின் நீளங்களைக் கூட்டுவது. தெர்மலில் வட்டமிட்ட தூரம் இதில் சேராது; இல்லாவிட்டால் ஒரே இடத்தில் நாள் முழுக்கச் சுழன்றவரும் முதலிடம் பெற்றுவிடுவார். இரண்டாவது தட்டை முக்கோணம்: மூன்று திருப்பப் புள்ளிகள் ஒரு முக்கோணமாக அமைய, முதல் புள்ளிக்கு முன்னர் பறந்த ஏதேனும் ஓர் இடத்துக்குக் கடைசிப் புள்ளிக்குப் பிறகு பைலட் போதிய அளவு நெருங்கித் திரும்பியிருக்க வேண்டும்; பக்கங்கள் எந்த விகிதத்திலும் இருக்கலாம். மூன்றாவது எஃப்.ஏ.ஐ. முக்கோணம்: முன்னதன் நிபந்தனைகளோடு, மிகக் குறுகிய பக்கம் சுற்றளவில் 28 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது என்பது கூடுதல் விதி. தொடக்கமும் முடிவும் முக்கோணத்தின் முனையில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. ஒரு பக்கத்தின் நடுவிலும் இருக்கலாம். ஏறிய குன்றும் இறங்கிய வயலுமே அவையாக இருக்க வேண்டும் என்பதும் இல்லை. போய்த் திரும்பும் பறப்புக்கு இந்தப் பட்டியலில் தனி இடம் இல்லாததால், அது ஏறத்தாழ ஒரே கோடாகச் சப்பிப்போன தட்டை முக்கோணமாகக் கணக்கிடப்படுகிறது.

28 விழுக்காடு என்ற எண் கிளைடர் விமானப் போட்டிகளிலிருந்து வந்தது. சமபக்க முக்கோணத்தில் ஒவ்வொரு பக்கமும் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 33.3 விழுக்காடு. மிகக் குறுகியது 28-க்குக் கீழே போகக் கூடாது என்றால், மற்றதும் குறைந்தது 28-ஆக இருக்க வேண்டும் என்பதால், மிக நீண்ட பக்கம் 44 விழுக்காட்டைத் தாண்ட முடியாது. ஒரே விதி இரு எல்லைகளையும் வகுத்துவிடுகிறது. (கிளைடர்கள் 750 கி.மீ.-க்கு மேற்பட்ட முக்கோணங்களைப் பறக்கும்போது இவ்விதி தளர்ந்து, 25 முதல் 45 விழுக்காடு வரை அனுமதிக்கப்படுகிறது. அவ்வளவு பெரிய சமச்சீர் உருவத்துக்கு நிலமும் வானிலையும் எளிதில் இடம் தருவதில்லை.) விதியின் நோக்கம் தெளிவானது. ஒரே மலைமுகட்டின் மீது போய் வருபவர் ஏற்கெனவே அறிந்த தெர்மல்களுக்கே திரும்புகிறார்; விரிந்த முக்கோணத்தைப் பறப்பவரோ மூன்று வெவ்வேறு திசைகளில், காலையின் கிழக்குச் சரிவு முதல் மாலையின் மேற்குச் சரிவு வரை, பள்ளத்தாக்குகளைக் குறுக்கே கடந்து செல்ல வேண்டும். காற்று எத்திசையில் வீசினாலும் ஒரு பக்கத்திலாவது அதை எதிர்த்தாக வேண்டும்.

இந்த அருமைக்கு எக்ஸ்கான்டெஸ்ட் தரும் விலை பெருக்கெண்களில் வெளிப்படுகிறது. கட்டற்ற தூரத்தில் கிலோமீட்டருக்கு 1 புள்ளி. தட்டை முக்கோணத்துக்கு 1.2, எஃப்.ஏ.ஐ. முக்கோணத்துக்கு 1.4. தொடக்கத்துக்கும் முடிவுக்கும் இடையிலான மூடல் இடைவெளி சுற்றளவில் 20 விழுக்காட்டுக்குள் இருந்தால் முக்கோணம் ஏற்கப்படும். அது 5 விழுக்காட்டுக்குள் அடங்கினால் முழுமையாக மூடப்பட்டதாகக் கருதப்பட்டு, பெருக்கெண்கள் முறையே 1.4, 1.6 என உயரும். எந்நிலையிலும் அந்த இடைவெளி சுற்றளவிலிருந்து கழிக்கப்பட்ட பின்னரே பெருக்கல் நடைபெறும். லியோனார்டோவில் இதே மூன்று உருவங்களுக்கு 1.5, 1.75, 2 என்ற எண்கள் உள்ளன. எண்கள் பெரிதாகத் தோன்றினாலும், கட்டற்ற தூரத்தோடு ஒப்பிட எஃப்.ஏ.ஐ. முக்கோணத்துக்கு அங்கே கிடைக்கும் மிகை மூன்றில் ஒரு பங்கே. ஆகவே, முழுமையாக மூடிய முக்கோணத்தை 60 விழுக்காடு உயர்த்தும் எக்ஸ்கான்டெஸ்ட், திரும்பி வருதலை அதைவிடப் பெரிதாக மதிக்கிறது.

பக்கங்கள் 30, 35, 40 கி.மீ. உள்ள ஒரு பறப்பை எடுத்துக்கொள்ளலாம். சுற்றளவு 105, மிகக் குறுகிய பக்கம் 28.6 விழுக்காடு, ஆகவே இது எஃப்.ஏ.ஐ. முக்கோணம். பைலட் தொடக்கத்திலிருந்து 4 கி.மீ. தொலைவில் இறங்கினால் இடைவெளி 3.8 விழுக்காடுதான், 101 கி.மீ.-ஐ 1.6-ஆல் பெருக்க 161.6 புள்ளிகள். அதே தடம் கட்டற்ற தூரமாகக் கணக்கிடப்பட்டால் ஏறக்குறைய 101 புள்ளிகளே கிடைக்கும். கட்டுரையின் தொடக்கத்தில் சொன்ன இருவரில், 150 கி.மீ. சென்றவர் 150 புள்ளிகளோடு இவருக்குப் பின்னால் நிற்பார்.

ஒரு தடத்துக்குள் சிறந்த உருவத்தைக் கண்டறிவது எளிய வேலையன்று. பத்தாயிரம் பதிவுப் புள்ளிகள் கொண்ட தடத்தில் ஐந்து புள்ளிகளைத் தேர்வதற்கான வழிகள் எட்டாயிரம் கோடிக் கோடியை, அதாவது 8-ஐத் தொடர்ந்து 17 சுழிகளை, தாண்டும். நொடிக்கு நூறு கோடி வழிகளைச் சோதிக்கும் கணினிக்கும் அது இருபத்தாறு ஆண்டு வேலை. கட்டற்ற தூரத்தில் ஒவ்வொரு கோட்டின் நீளமும் தனியாகக் கூடிச் செல்வதால், ஒரு கட்டத்தின் சிறந்த விடையைச் சேமித்து அடுத்த கட்டத்துக்குப் பயன்படுத்திச் சிக்கலைக் குறைத்துவிடலாம். முக்கோணத்தில் மூன்று பக்கங்களும் விகிதத்தால் ஒன்றையொன்று பிணைத்திருப்பதால் அவ்வழி போதாது. எனவே தடத்தைத் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுத் தொகுப்பும் அதிகபட்சம் எவ்வளவு பெரிய முக்கோணத்தைத் தரக்கூடும் என்று மதிப்பிட்டு, ஏற்கெனவே கிடைத்த விடையை வெல்ல வாய்ப்பில்லாத தொகுப்புகளை முற்றாக ஒதுக்கி, எஞ்சியவற்றை மட்டும் மேலும் பிரித்துத் தேடும் முறை கையாளப்படுகிறது. இந்த உத்தி பல ஆண்டுகளின் தேடலைச் சில நொடிகளுக்குள் சுருக்கிவிடுகிறது.

இந்தத் தேடல் விதிகளின் தன்மையையே மாற்றிவிடுவதுதான் கவனத்துக்குரியது. 28 விழுக்காடு என்பது ஒரு கூரிய எல்லைக்கோடு போலத் தோன்றும்: 29, 36, 40 கி.மீ. பக்கங்கள் கொண்ட பறப்பில் குறுகிய பக்கம் 27.6 விழுக்காடாகிவிடுவதால், அது தட்டை முக்கோணமாகத் தாழ்ந்து, 161.6 புள்ளிகளிலிருந்து 141.4-க்கு விழ வேண்டும். உண்மையில் அப்படி நடப்பதில்லை. கணினி தொலைவிலுள்ள முனையைத் தடத்தின் வழியே சற்று உள்ளே நகர்த்தி, சுற்றளவு 103.6 கி.மீ. ஆகும்படி நீண்ட பக்கங்களைச் சுருக்கினால், 29 கி.மீ. என்பது மீண்டும் 28 விழுக்காடாகிவிடும். புள்ளிகள் 159-க்குச் சற்று மேலே நிற்கும். இழப்பு இருபதன்று, இரண்டே. குறுகிய பக்கம் ஏறத்தாழ 26 கி.மீ.-க்குக் கீழே இறங்கும்போதுதான், நறுக்கிய எஃப்.ஏ.ஐ. முக்கோணத்தைவிட முழுத் தட்டை முக்கோணம் இலாபமாகிறது. காகிதத்தில் செங்குத்தான பாறையாகத் தெரியும் விதி, நடைமுறையில் மென்மையான சரிவாகிவிடுகிறது.

மூடல் இடைவெளியின் எல்லைக்கு இந்தத் தணிப்பு இல்லை. பைலட் தன் பழைய தடத்துக்கு எவ்வளவு நெருங்கி வந்தார் என்பது அவர் இறங்கியதோடு முடிந்துபோன செய்தி. கணினியால் அதைச் சுருக்க முடியாது. முக்கோணத்தைச் சிறிதாக்கினாலோ அந்த இடைவெளியின் விழுக்காடு கூடிவிடும். மேற்சொன்ன 105 கி.மீ. முக்கோணத்தில் 5 விழுக்காடு என்பது 5.25 கி.மீ. அதற்குள் வந்தவருக்கு 159.6 புள்ளிகள், ஐம்பது மீட்டர் எட்டாமல் 5.3 கி.மீ.-இல் இறங்கியவருக்கு 139.6. ஒரு முழு நாள் உழைப்பின் எட்டில் ஒரு பங்கு ஐம்பது மீட்டரில் தங்கியிருக்கிறது. அந்த ஐம்பது மீட்டர் வருவதோ பறப்பின் கடைசியில், பைலட் களைத்திருக்கும் மாலையில், தெர்மல்கள் ஓய்ந்து பள்ளத்தாக்குக் காற்று வலுத்திருக்கும் வேளையில், தரைக்கு மிக அருகில். மின்கம்பிகளும் மரங்களும் உள்ள வெளியில், இறங்குவதற்கு நல்ல வயலைத் தேர்வதா, இன்னும் சற்று முன்னே செல்வதா என்ற முடிவின் மீது புள்ளி விதி இவ்வளவு எடையை ஏற்றுவது தவறென்றே கொள்ள வேண்டும்.

திரும்பி வருதலின் விலை சரியாகத்தான் நிர்ணயிக்கப்பட்டிருக்கிறதா என்பதை ஓர் எளிய கணக்கால் சோதிக்கலாம். ஏறும் நேரத்தையும் சேர்த்து, அசையாக் காற்றில் மணிக்குச் சராசரி 25 கி.மீ. முன்னேறும் பைலட் ஐந்து மணி நேரம் பறக்கிறார் என்று கொள்க. காற்றே இல்லாத நாளில் அவர் எவ்வழியில் சென்றாலும் 125 கி.மீ.; அதைச் சமபக்க முக்கோணமாக மூடினால் 200 புள்ளிகள், நேராகச் சென்றால் 125. மணிக்கு 10 கி.மீ. காற்று வீசும் நாளில், காற்றோடு சென்றால் 175 கி.மீ. கிடைக்கும்; முக்கோணத்தில் எதிர்க்காற்றும் பக்கக்காற்றும் தாமதப்படுத்துவதால் 109.5 கி.மீ.-தான் முடியும், ஆனால் 1.6-ஆல் பெருக்கும்போது அதுவும் 175 புள்ளிகளாகிவிடுகிறது. இரண்டும் சமம். காற்று 20 கி.மீ. ஆகும்போது நேர்ப்பறப்பு 225 புள்ளிகளுக்கு உயர, முக்கோணம் 55 கி.மீ.-க்கும் 88 புள்ளிகளுக்கும் சுருங்கிப்போகிறது. ஆக, 1.6 என்ற பெருக்கெண் மணிக்கு 10 கி.மீ. அளவுள்ள மென்காற்றைத்தான் சமன்செய்கிறது. அதற்கும் குறைந்த காற்றில் முக்கோணமே இலாபம்; அதற்கு மேற்பட்டால் காற்றின் போக்கில் ஓடுவதே இலாபம்.

இந்த எண்ணுக்குள் ஆல்ப்ஸ் மலையின் கோடை ஒளிந்திருக்கிறது. பொதுக்காற்று மெலிந்து, மலைச்சரிவுகள் வரிசையாகச் சூடேறி, எல்லாத் திசைகளிலும் மலைத்தொடர்கள் ஓடும் நிலப்பரப்பில்தான் 300 கி.மீ. முக்கோணங்கள் கைகூடுகின்றன, இத்தாலியின் தென் டிரோலில் உள்ள கிரென்டே குன்றும் சுவிட்சர்லாந்தின் ஃபீஷ் ஊரும் இதனால் புகழ்பெற்றவை. பிரேசிலின் வடகிழக்கிலுள்ள செர்டாவ் வறள்நிலத்தில் நிலைமை நேர்மாறு: அங்கே விடாது வீசும் வணிகக்காற்றில் திரும்பி வருவதைப் பற்றி எண்ணவே இடமில்லை, விடியலுக்குச் சற்றுப் பின்னர் ஏறி அந்தி வரை மேற்கு நோக்கிச் செல்வதே வழி. டெக்சாஸின் 609.9 கி.மீ. பறப்புக்கு நிகரான புள்ளிகளைப் பெற, மூடிய எஃப்.ஏ.ஐ. முக்கோணமாக 381 கி.மீ. பறக்க வேண்டும் என்பதைப் பார்க்கும்போது, உச்ச நிலையில் சமவெளி பைலட்டுக்குப் பெரிய அநீதி இல்லை எனலாம். இமாசலப் பிரதேசத்தின் பீர் பில்லிங் இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. 2015-இல் பாராகிளைடிங் உலகக் கோப்பைச் சுற்று நடைபெற்ற இவ்விடத்தில், ஏறக்குறைய 2,400 மீட்டர் உயரத்திலிருந்து எழுபவர், தவுலாதர் மலைத்தொடரின் தென்முகத்தை ஒட்டித் தர்மசாலா பக்கம் சென்று அதே வழியில் திரும்புகிறார். தெற்கே தாழ்ந்த குன்றுகள், வடக்கே பனிமுகடு. விரிந்த முக்கோணத்துக்கு எளிதில் இடம் தராத இந்நிலத்தில், மலையை ஒட்டிய 100 கி.மீ. பறப்பு பெரும்பாலும் 140 புள்ளித் தட்டை முக்கோணமாகவே பதிவாகும்; அதே உழைப்பு ஆல்ப்ஸில் 160 பெறக்கூடும். இவ்வேறுபாட்டுக்குக் காரணம் பைலட்டின் திறனன்று, புவியியல்.

உருவத்தோடு சிறகையும் வகைப்படுத்த வேண்டியிருக்கிறது. ஐரோப்பியத் தரநிலையான இ.என். 926, பாராகிளைடர்களின் நடத்தையைச் சோதித்து ஏ முதல் டி வரை நான்கு வகுப்புகளாகப் பிரிக்கிறது. ஏ வகுப்புச் சிறகு குலைந்தாலும் தானே மீளும் தன்மை கொண்டது, டி வகுப்பு தேர்ந்தவரின் கைகளையே நம்பியிருப்பது. எக்ஸ்கான்டெஸ்ட் எல்லாச் சிறகுகளுக்கும் பொதுவான பட்டியலோடு, தாழ்ந்த வகுப்புச் சிறகுகளுக்கும் இருவர் பறக்கும் டேண்டம் சிறகுகளுக்கும் தனிப் பட்டியல்களை வைத்திருக்கிறது. இதன் தேவையைக் கசப்பான வரலாறு உணர்த்தியது: 2011-இல் ஸ்பெயினின் பியட்ராஹிட்டாவில் நடந்த உலகச் சாம்பியன்ஷிப்பில் இரண்டு பைலட்டுகள் உயிரிழக்க, போட்டி நிறுத்தப்பட்டது, சான்றிதழ் இல்லாத போட்டிச் சிறகுகளுக்குத் தடை வந்தது. பின்னர் போட்டிச் சிறகுகளுக்கென்றே தனித் தரநிலை வகுக்கப்பட்டு, சிறகின் நீள அகல விகிதம் 7.9-ஐத் தாண்டக் கூடாதென வரம்பிடப்பட்டது. புள்ளிகள் சிறகைத் தேர்வதையும் தூண்டும் என்பதால், நடுத்தரச் சிறகுகளில் பறப்பவர்களுக்குத் தங்களுக்குள் ஒரு முதலிடம் இருப்பது உயிர்காக்கும் ஏற்பாடு.

தடைசெய்யப்பட்ட வான்வெளிக்குள் நுழைந்த பறப்புக்குப் புள்ளி இல்லை என்பது மற்றொரு நல்ல விதி. விமான நிலையங்களைச் சுற்றியுள்ள எல்லைகள் பெரும்பாலும் காற்றழுத்த உயரத்தில் வரையறுக்கப்படுவதால், ஐ.ஜி.சி. கோப்பின் இரண்டு உயரப் பதிவுகளுள் முதலாவது இங்கே பயன்படுகிறது. பருவக் கணக்கு அக்டோபர் 1-இல் தொடங்கிச் செப்டம்பர் 30-இல் முடிகிறது. ஒவ்வொருவரின் சிறந்த ஆறு பறப்புகள் மட்டுமே கூட்டப்படுகின்றன. ஒரே நாளில் ஒரே வழியை எல்லோரும் பறக்கும் பந்தயங்களில், வேகத்துக்கும் தூரத்துக்கும் முன்னணியில் சென்றதற்கும் எனப் பிரித்து, அன்றைய வெற்றியாளருக்கு அதிகபட்சம் 1,000 புள்ளிகள் தரும் முறை வேறு. அங்கே வானிலை எல்லோருக்கும் பொது. பருவப் போட்டியில் வானிலையைத் தேர்வதே பாதித் திறமை.

மூடல் விதியின் கூர்மையை நீக்குவது கடினமன்று. இடைவெளி 5 விழுக்காட்டிலிருந்து 20 விழுக்காடாக வளர வளர, எஃப்.ஏ.ஐ. முக்கோணத்தின் பெருக்கெண் 1.6-இலிருந்து 1.4-க்குச் சீராக இறங்கும்படி விதியை மாற்றினால் போதும். அப்போது, 21 கி.மீ. தொலைவில் நின்றுவிட்டவருக்கு இன்று கிடைக்கும் 117.6 புள்ளிகள் அப்படியே கிடைக்கும், 5.3 கி.மீ.-இல் பாதுகாப்பான வயலைத் தேர்ந்து இறங்கியவருக்கோ 139.6-க்குப் பதிலாக 159-க்கு மேல் கிடைக்கும்.